மிரியாம் கையில் இருந்தது என்ன?

யாத்திராகமம் 15-ஆம் அதிகாரம், 20-ஆம் வசனம். செங்கடலைத் தாண்டியாகிவிட்டது. பார்வோனுடைய குதிரையும் தேரும் தண்ணிக்குள் போயாச்சு. ஆரோனுடன் பிறந்த மிரியாம் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுக்கிறாள். மற்றப் பொம்பளைகளும் அதே வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஆடிக்கொண்டே அவள் பின்னால் போகிறார்கள். நம் சீர்திருத்த சபைகளில் இன்றைக்கும் கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு அந்த வாத்தியத்துக்குத் 'தம்புரு' என்று பேர் வைத்திருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்குத் தம்புரு தெரியும். தம்பூரா. அடியில் குடம், மேலே நீண்ட கழுத்து, நாலு தந்தி. கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் ஒருத்தர் சப்பணம் போட்டு உட்கார்ந்து சுருதிக்கு மீட்டிக்கொண்டிருப்பார். அதைத் தூக்கிக்கொண்டு ஆடத்தான் முடியுமா? பிசைந்த மாவு புளிக்கிறதுக்குக்கூட நேரமில்லாமல் ராத்திரியோட ராத்திரியாகக் கிளம்பின அடிமைச் சனம், தம்பூராவையா தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கும்?

எங்கள் பக்கத்து ஒரு சபையில் பெண்கள் வேதபாடத்தில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, நடத்திக்கொண்டிருந்த ஐயர் சிரித்துவிட்டு, "வாத்தியம் எதுவா இருந்தா என்னம்மா, துதிதான் முக்கியம்" என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். வாத்தியம் எதுவாக இருந்தாலும் சரி என்பது உண்மையானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தப்பை உள்ளே எடுத்து வர அவர் சம்மதிப்பாரா என்று எனக்குள் ஓடியது. அதனால்தான் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எபிரேய மூலத்தில் இருக்கிற சொல் 'தோஃப்'. வட்டமான மரச் சட்டத்தில் ஒரு பக்கம் தோல் கட்டி, கையில் பிடித்து அடிக்கிற கொட்டு. சத்தத்தை வைத்தே வந்த பேராகத் தெரிகிறது. கிறிஸ்துவுக்கு முந்தின கிரேக்க மொழிபெயர்ப்பு இதைத் 'தும்பனோன்' என்கிறது, லத்தீனும் அதையே பின்பற்றுகிறது. இரண்டும் தோல் வாத்தியந்தான். 1611-ஆம் வருஷத்து ஆங்கில வேதாகமம் 'டிம்ப்ரல்' என்கிறது, அதுவும் கொட்டுதான். ஆக எபிரேயத்தில் தோல், கிரேக்கத்தில் தோல், லத்தீனில் தோல், ஆங்கிலத்தில் தோல். தமிழுக்கு வந்து சேரும்போது மட்டும் தோல் காணாமல் போய்த் தந்தி முளைத்துவிட்டது. காதுக்கு டிம்ப்ரலும் தம்புருவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. அந்த ஒலியொப்புமை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

"தம்புரு என்றால் டேம்பரின் என்றுதானே அர்த்தம், நீங்கள் ஏன் தம்பூராவைக் கொண்டு வருகிறீர்கள்" என்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் அதே மொழிபெயர்ப்புக்குள் இருக்கிறது. இரண்டாம் சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தில் தாவீதும் சனமும் பெட்டியைக் கொண்டு வரும்போது வாத்தியப் பட்டியல் ஒன்று வரும். அங்கே தம்புருவும் இருக்கிறது, மேளமும் தனியாக இருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் தம்புரு என்பது 'நேபெல்', நரம்புக் கருவி. மேளம் என்பதுதான் 'தோஃப்'. முதலாம் சாமுவேல் 10-ல் தீர்க்கதரிசிகள் கூட்டம் மலைமேட்டிலிருந்து இறங்கி வருகிற இடத்திலும் அப்படித்தான், தம்புரு, மேளம், நாகசுரம், சுரமண்டலம் என்று போகிறது வரிசை. எனவே மொழிபெயர்த்தவர்களுக்குத் தம்புரு தந்தி வாத்தியம் என்பது தெரியும். தோஃப் கொட்டு என்பதும் தெரியும். தெரிந்திருந்துதான் மிரியாம் கைக்கு வரும்போது தந்தியைக் கொடுத்திருக்கிறார்கள். 68-ஆம் சங்கீதத்தில் ஊர்வலத்தின் நடுவே கொட்டடித்துப் போகிற குமரிப் பெண்களுக்கும் தம்புருதான். அதை அவர்கள் அடிக்கவில்லை, கொட்டவில்லை. 'வாசிக்கிறார்கள்'. வினைச்சொல்லிலேயே சாதி தெரிகிறது பாருங்கள். நம் ஊரில் யாரும் தப்பு வாசிப்பதில்லை.

அது போக, கொட்டு என்று ஒத்துக்கொண்ட இடத்திலும் வருவது மேளமும் நாகசுரமும். கோயில் பிரகாரத்துக்குள் விடப்பட்ட வாத்தியங்கள். இந்த இடங்கள் எதிலும் பறை இல்லை, தப்பு இல்லை. மொழிபெயர்ப்பு என்பது பாதிரியார் தனியாக உட்கார்ந்து செய்த காரியமில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கி, 1871-ல் திருத்தம் கொண்டு வந்த ஹென்றி பவர் வரைக்கும் பக்கத்தில் முன்ஷிகளும் பண்டிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு மொழிபெயர்ப்பில் கைகொடுத்தவர் ஆறுமுக நாவலர் என்பது தமிழ் எம்.ஏ. வகுப்பில் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பது. அந்தப் பெருமையில் நமக்கு என்ன பங்கு என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. தமிழைச் சுத்தமாக எழுதத் தெரிந்தவர்கள் என்று அன்றைக்கு யாரை மதித்தார்களோ அவர்களுடைய வீட்டில் தப்பு இருக்காது. வாசலுக்கு வெளியே, துட்டி விழுந்த அன்றைக்குத்தான் அதன் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். ஆண்டவரைத் துதிக்கிற வசனத்தில் அந்தச் சத்தம் அவர்கள் பேனாவுக்கு எப்படி வரும்?

இப்போது மண்ணைத் தோண்டினவர்கள் சொல்வதைக் கேட்போம். தோலும் மரமும் மண்ணுக்குள் நிலைக்காது. ஆதிச்சநல்லூரானாலும் கீழடியானாலும் பாலஸ்தீனமானாலும் அது பொது விதி. ஆனால் சுட்ட மண் நிலைக்கும். இஸ்ரவேல், யோர்தான், பெனிக்கியக் கடற்கரை, சைப்ரஸ் தீவு என்று அந்த வட்டாரம் முழுக்க, இரும்புக் காலத்தைச் சேர்ந்த, கைக்கு அடக்கமான சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. கி.மு. முதல் ஆயிரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு வகை, வட்டமான ஒன்றைக் கையில் பிடித்து நிற்கிற பெண். அக்சீப் என்கிற பழைய கடற்கரை ஊரின் கல்லறைகளில் கிடைத்த பொம்மையைப் படத்தில் பார்த்தேன். இடது கையில் சட்டத்தைத் தாங்கி வலது கையால் தட்டுகிற பாவனை. எங்க அத்தை முறத்தைப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

எல்லாப் பொம்மைகளும் கொட்டடிக்கிறவை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அறிஞர்களுக்குள் இதில் பெரிய வாதம் உண்டு. பலகை மாதிரித் தட்டையான பொம்மைகளில் வட்டத்தை மார்போடு அப்பி வைத்திருக்கிறார்கள். அது அப்பமாக இருக்கலாம், சூரியத் தட்டாக இருக்கலாம், தெய்வத்தின் அடையாளமாக இருக்கலாம். உடம்பை விட்டு விலக்கிப் பிடித்து, இன்னொரு கையால் தட்டுகிறவற்றைத்தான் கொட்டு என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். கேரல் மேயர்ஸ் என்கிற அமெரிக்க அறிஞர் இந்தப் பெண்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அவர் காட்டுகிற விஷயம் முக்கியமானது: தோஃப் அந்தச் சமூகத்தில் பெண்களோடு ஒட்டிப்போன வாத்தியம். மிரியாம், யெப்தாவின் மகள், சவுலையும் தாவீதையும் எதிர்கொள்ள வந்த ஊர்ப் பெண்கள் என்று வசனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கொட்டும் ஆட்டமும் பாட்டும் ஒன்றாகவே வருகின்றன, பெண்கள் கையிலேயே வருகின்றன. சண்டை முடிந்து வருகிறவர்களைப் பாடிக்கொண்டு எதிர்கொள்வது அவர்களுக்கு உரிய வேலை, அதற்கு மரியாதையும் உண்டு. யாரை எத்தனை உசத்திப் பாட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். அப்படி அவர்கள் பாடின ஒரு பாட்டுத்தான் சவுல் ராசாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பொம்மைகளின் கையில் இருக்கிற சட்டத்தில் சலங்கைத் தகடு எதுவும் தெரிவதில்லை. எனவே தோழியின் டேம்பரினும் நெருங்கி வரவில்லை. இப்போது சபைகளில் கிலுக்குகிற பிளாஸ்டிக் வளையத்தில் பாதிக்குத் தோலே கிடையாது. தகடு மட்டும் குலுங்கும், தொடுவதற்குத் தோல் இல்லை. ரொம்ப வசதி.

தோண்டினவர்கள் சொன்னதில் நம்மைக் கொஞ்சம் உலுக்குகிற விஷயமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் பேச வேண்டும். லட்சக்கணக்கான சனம் எகிப்தை விட்டுக் கிளம்பிச் சீனாய் வனாந்தரத்தில் 40 வருஷம் அலைந்ததற்கு மண்ணில் தடயம் கிடைக்கவில்லை. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1896-ல் கண்டெடுத்த மெர்னெப்தா கல்வெட்டு, கி.மு. 1200-ஐ ஒட்டிய காலத்தில் கானானில் 'இஸ்ரவேல்' என்ற பேரில் ஒரு சனக்கூட்டம் இருந்ததைச் சொல்கிறது. அவ்வளவுதான். ஏறக்குறைய அதே காலத்தில் கானானின் மலைப்பகுதியில், அரண்மனை இல்லாத, பெரிய கோயில் இல்லாத இருநூறுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் புதிதாக முளைத்ததைக் கள ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார்மன் காட்வால்ட் 1979-ல் எழுதின பெரிய புத்தகத்தில், இவர்கள் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் இல்லை, சமவெளி நகரங்களின் ராசாக்களுக்கு வரியும் வெட்டியும் கொடுத்துச் சலித்துப் போய் மலையேறின குடியானவர்கள் என்று வாதாடினார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தியும் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். புரட்சி என்ற சொல்லுக்கு மண்ணில் ஆதாரம் போதாது என்கிறார்கள். இருக்கட்டும். சமவெளிக்காரன் கையில் நிலமும், தங்கள் கையில் வேலையும் மட்டும் இருந்த சனம் ஒன்று விலகிப் போய்த் தனக்கென்று ஒரு ஊரைக் கட்டிக்கொண்ட கதை, நிலக்கோட்டைத் தாலுகாவில் இருக்கிற நமக்குப் புரியாமல் போகாது. அந்தச் சனத்தின் பழைய பாட்டு என்று பல அறிஞர்கள் கருதுவது அந்த 15-ஆம் அதிகாரத்துப் பாட்டுத்தான். அதில் மோசே பேரில் நீண்ட பாட்டு இருக்கிறது. மிரியாம் பேரில் ஒரே ஒரு வசனம் மிஞ்சியிருக்கிறது. பாட்டு முதலில் அவளுடையது, பிற்பாடு அண்ணன்தம்பி பேருக்கு மாறிப்போச்சு என்று சொல்கிறவர்களும் உண்டு. நம் ஊர் ஒப்பாரிகளும் நடவுப் பாட்டுகளும் சினிமாக்காரர் பேரில் போனதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் என்ன?

இன்னும் ஒன்று. தாவீது சனத்தோடு சேர்ந்து பெட்டியைக் கொண்டு வருகிற இடத்தில் தோஃப் இருக்கிறது. ஆனால் நாளாகமத்தில் லேவியர்களை வரிசைப்படுத்தி, ஆலயத்தில் யார் எதை வாசிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிற அதிகாரங்களில் நரம்புக் கருவிகளும் கைத்தாளமும் எக்காளமும் இருக்கின்றன, தோஃப் இல்லை. தெருவில் இருந்த கொட்டு கோயில் பட்டியலில் இல்லாமல் போய்விட்டது. சங்கீதப் புத்தகத்தின் சில பாட்டுகளில் அது திரும்பவும் தலைகாட்டுகிறது. எந்த நாட்டிலும் குருமார் கைக்குப் பட்டியல் போகும்போது நடப்பதுதான் இது.

நம் பக்கத்துப் பட்டியலையும் எடுத்துப் பார்க்கலாம். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் என்று வருகிற அதே மூச்சில் பறையையும் யாழையும் சொல்கிறது. ஏற்றத்தாழ்வு இல்லை. மலைக்கு ஒரு பறை, காட்டுக்கு ஒரு பறை, வயலுக்கு ஒரு பறை. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு துடியனையும் பாணனையும் கடம்பனையும் போலப் பறையனையும் குடி என்று மதித்துச் சொல்கிறது. ஆண்டாளின் பாவைப் பெண்கள் மார்கழியில் கண்ணனிடம் கேட்பதே பறைதான். உரைகாரர்கள் வந்தார்கள். பறை என்றால் பறை இல்லை, பகவானுக்குச் செய்கிற கைங்கரியம் என்று பொருள் எழுதினார்கள். பெருமாள் கோயிலில் உரைகாரர் தோலை உரித்துத் தத்துவம் ஆக்கினார். சர்ச்சில் மொழிபெயர்ப்பாளர் தோலை உரித்துத் தந்தி கட்டினார். இரண்டு பேருக்கும் தொடப் பிடிக்காதது ஒரே தோல்.

சபை வரலாற்றில் இது எப்படி நடந்தது என்பதற்குத் தஞ்சாவூர் நல்ல சாட்சி. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாட்டு இல்லாமல் இன்றைக்கும் நம் சபைகளில் கல்யாணமும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. பெரிய கவி, அதில் சந்தேகமில்லை. 1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் மேல் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கொடுமைகள் என்று நாலு காரியங்களை அடுக்கினார்கள். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது, கல்யாணத்திலும் சாவிலும் பூவை விலக்குவது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையிலிருந்து தடுப்பது. நாலாவது, திருவிருந்தில் எல்லாச் சாதியையும் ஒன்றாக்குவது. தமிழிசையைக் காப்பாற்றுகிற கோரிக்கையும், பறையனோடு ஒரே கிண்ணத்தில் குடிக்க மாட்டேன் என்கிற கோரிக்கையும் ஒரே தாளில் இருக்கின்றன. இதை எடுத்துச் சொன்னால் கிறிஸ்தவத் தமிழ்ப் பேராசிரியர்களுக்குக் கோபம் வருகிறது. அந்தத் தமிழிசை என்பது கீர்த்தனை, ராகம், தாளம். அரண்மனைக் கச்சேரியில் கேட்கிற இசை. சேரியின் இசையைத் தடுத்தார்கள் என்று அங்கே யாரும் புகார் எழுதவில்லை. அது உள்ளேயே வந்ததில்லை, தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் பக்கத்துக்கு வந்தால், அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் தொடங்கியது. திண்டுக்கல், வத்தலக்குண்டு எல்லாம் அவர்களுடைய களம். சாதி விஷயத்தில் இவர்கள் லூத்தரன்களைவிடக் கறாரான ஆட்கள். 1847-ல், சாதி ஆசாரத்தை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சோதனை வைத்தார்கள். மாட்டேன் என்ற உபதேசிமார் வெளியே போனார்கள். அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு எந்த மறைமாவட்டமும் பேராயமும் அப்படி ஒரு சோதனையை வைத்துப் பார்க்கட்டும். ஆனால் அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-ல் சபைக்கென்று பாட்டுப் புத்தகம் தொகுத்தபோது போய் நின்றது சாஸ்திரியார் வாசலில்தான். பந்தியில் சாதியை உடைத்தவர்கள் பாட்டில் உடைக்கவில்லை. கீர்த்தனை தமிழ்க் கிறிஸ்தவத்தின் குரல் ஆயிற்று, ஆர்மோனியம் அதற்குத் துணை ஆயிற்று. கொட்டு 'பிசாசு வாத்தியம்' ஆயிற்று. சாமியாட்டத்துக்கு அடிப்பது, சாவுக்கு அடிப்பது, ஞானஸ்நானம் வாங்கினவன் தொடக் கூடாதது.

தொடாமல் இருந்தானா? அதுதான் கேள்வி. சேவுகம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தை மாசம் சோலைமலை அழகர் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுகிற ஊர். பக்கத்து வத்தலக்குண்டு, இலக்கியம் தெரிந்தவர்களுக்கு ராஜம் ஐயர் ஊர், சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். இந்த வட்டாரத்தில் சிலுவை போட்ட வீட்டு ஆம்பளைகளும் ஊர்த் துட்டிக்குக் கொட்டுத் தூக்கிப் போனவர்கள்தான். 1950-ஆம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவன் அட்டவணைச் சாதி இல்லை. சர்டிபிகேட்டில் பி.சி. ஆனால் ஊர்க்காரர் சொல்லிவிட்டால் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. வேப்பங்கட்டைச் சட்டம், கன்னுக்குட்டித் தோல், புளியங்கொட்டைப் பசை, காய்ச்சுவதற்கு ஒரு கட்டு வைக்கோல். கூலி என்று எதுவும் இல்லை, கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

ஆகவே "பறையை ஆலயத்துக்குள் கொண்டு வருவோம்" என்று கிளம்புகிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு முதல் எதிர்ப்பு மேல்சாதிக் கிறிஸ்தவனிடமிருந்து வருவதில்லை. எங்கள் பெரியப்பா முறை உள்ள ஒருத்தர், முப்பது வருஷம் கொட்டடித்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏத்தா, எம்மே படிச்சவளே, அந்தச் சனியன அடிச்சு அடிச்சுத்தான் என் தோள்பட்டை போச்சு. எழவு வீட்டுல அவன் குடுத்த சாராயத்தக் குடிச்சுத்தான் என் கொடலு போச்சு. ஞாயித்துக்கெழம ஒரு நாளாச்சும் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு ஆர்மோனியத்துக்கு எதுத்தாப்புல ஒக்காந்திருக்கேன். அங்கயும் அதத் தூக்கிக்கிட்டு வாறீகளா?"

இதற்குச் சும்மா 'பண்பாட்டு மீட்பு' என்று பதில் சொல்லிவிட முடியாது. செத்த மாட்டைத் தூக்காதே, இழிவு சுமத்துகிற வேலையை விட்டுவிடு என்று அம்பேத்கர் சொன்னதைக் கேட்டுப் பறையைக் கிழித்துப் போட்டவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கொட்டடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் மறுத்தது இசையையா? இல்லை. கட்டளையை. கூப்பிட்ட உடனே வந்து நில் என்பதை. பெரியப்பா வெறுப்பதும் தோலை இல்லை, அந்தத் தோல் வழியாகத் தன் மேல் ஏறி உட்கார்ந்த ஊரை. எனவே யாரும் அவரை அடிக்கச் சொல்லக் கூடாது. அவர் கேட்காமல் அவர் காதுக்குப் பக்கத்தில் அடிக்கவும் கூடாது. இதில் நான் மீட்புக்காரர்களோடு முழுசாக ஒத்துப்போகவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிரியாம் அன்றைக்கு ஒருத்தரும் கூப்பிடாமல் அடித்தாள். கூலிக்கு இல்லை. ஆண்டையின் சாவுக்குத்தான் அடித்தாள், அவன் வீட்டு முற்றத்தில் நின்று இல்லை, அவனைக் கடந்து இக்கரைக்கு வந்து நின்று. எகிப்தில் செங்கல் அறுத்த கை அது. அந்தக் கையில் தம்பூராவைக் கொடுத்ததால் இந்த வித்தியாசம் முழுசும் தமிழ் வாசகனுக்கு மறைந்து போயிற்று. தப்பு என்று ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தால், 150 வருஷத்துக்கு முன்னாலேயே ஏதாவது ஒரு சேரிக் கோயிலில் யாராவது ஒரு கிழவி, "நம்ம கொட்டுல்ல இது" என்று கேட்டிருப்பாள்.

கத்தோலிக்கர் பக்கம் கதை வேறு மாதிரிப் போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வழிபாட்டைப் பற்றி எழுதின ஏட்டில் அந்தந்த நாட்டு இசைக்கு இடம் கொடுத்தது. 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்டு ரோம் அனுமதித்த 12 காரியங்களில் ஆரத்தி, குத்துவிளக்கு, சப்பணமிட்டு உட்காருவது எல்லாம் வந்தன. பண்பாட்டுமயமாதல் என்று பேர். யாருடைய பண்பாடு? பீடத்துக்கு முன்னால் பரதநாட்டியம் வந்தது, சலங்கைப் பூசை வந்தது. வெள்ளைக்காரக் கிறிஸ்துவைக் கழற்றிவிட்டு அய்யர் வீட்டுக் கிறிஸ்துவை உட்கார வைத்தார்கள். கோயிலுக்குள் நடுச் சுவர் கட்டின வடக்கன்குளத்தையும் 2008-ல் எறையூரில் நடந்ததையும் இந்தப் பக்கங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. இசைக்குள் இருக்கிற சுவரைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் மிரியாம் கையில் கஞ்சிரா இருக்கிறது. முன்னேற்றந்தான், தோல் திரும்பி வந்துவிட்டது, உருவமும் ஏறக்குறையச் சரி. ஆனால் கஞ்சிரா உடும்புத் தோல், சின்னது, கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உபவாத்தியம். 150-ஆம் சங்கீதத்தில் மத்தளம். சட்டம் சரி, தெரு வேறு. வேடிக்கை என்னவென்றால், இதே மொழிபெயர்ப்பில் இயேசு கலிலேயாவுக்கு வந்து நற்செய்தியைப் 'பறைசாற்றுகிறார்'. பழைய மொழிபெயர்ப்பில் இருந்த 'பிரசங்கி'யை எடுத்துவிட்டு நல்ல தமிழில் போட்டிருக்கிறார்கள். வாரா வாரம் பூசையில் பறைசாற்று, பறைசாற்று என்று வாசிக்கிறார்கள். ராசாவின் சேதியைத் தெருத் தெருவாகச் சாற்றினவன் யார் என்று வாசிக்கிறவருக்கு ஞாபகம் வருகிறதா தெரியவில்லை. வினைச்சொல்லாக இருந்தால் பீடம் வரைக்கும் போகலாம். பெயர்ச்சொல்லாக வந்தால் வாசலில் நிற்க வேண்டும்.

அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் தியோஃபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்றால்தான் பலருக்குத் தெரியும், 2005-ல் இறக்கும் வரை இதற்காகவே உழைத்தார். கிராமிய இசையில் முழு ஆராதனை முறையையே கட்டினார், பேச்சுத் தமிழில் கடவுளைக் கூப்பிட்டார், கல்லூரி ஆலயத்துக்குள் பறையை அடிக்க வைத்தார். அவரைப் பற்றி ஸோயி ஷெரினியன் என்கிற அமெரிக்க இசையியலாளர் 2014-ல் விரிவான புத்தகம் எழுதியிருக்கிறார். தமிழ்க் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. பறட்டையின் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஐயர்மார் ஊருக்குப் போனதும் கீபோர்டுக்கு மாறிக்கொண்டது தனிக் கதை. இப்போது கீபோர்டில் ஒரு பித்தானை அமுக்கினால் தப்புச் சத்தம் வருகிறது. அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. தோல் இல்லையே.

எனக்குப் பறட்டையைவிட நெருக்கமான முன்னுதாரணம் திண்டுக்கல் சக்தி கலைக்குழு. சிஸ்டர் சந்திரா என்கிற கன்னியாஸ்திரி தொண்ணூறுகளில் இருந்து தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்து வருகிறார். இதில் ரெண்டு உடைப்பு இருக்கிறது. ஊர் விதித்த விதி ஒன்று. நம் தெருவுக்குள்ளேயே இருந்த, பொட்டப்பிள்ளை கொட்டைத் தொடக் கூடாது என்கிற விதி இன்னொன்று. நம்ம ஆம்பளைகள் முதல் விதியை உடைக்கும்போது சத்தமாகப் பேசுவார்கள், இரண்டாவதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். பறையை மீட்க வந்த எத்தனை மேடைகளில் பெண்கள் ஆடுகிறவர்களாக மட்டும் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சக்தி பெண்கள் அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். சாவுக்குப் போவதில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதில்லை. இடது தோளில் தொங்கவிட்டு, சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பிடித்து, வட்டம் சுற்றி வருகிறதைப் பார்த்தபோது எனக்கு அக்சீப் பொம்மைதான் கண்ணுக்கு வந்தது. அந்தப் பொம்மைக்குக் கால் முளைத்த மாதிரி.

2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறார்கள். பறையடித்ததற்காக. டில்லிக்குப் போய்விட்ட பறை வத்தலக்குண்டுச் சாலையில் இருக்கிற ஒரு சிற்றாலயத்துக்குள் போவதற்கு இன்னும் கமிட்டி கூட வேண்டியிருக்கிறது. போன கிறிஸ்துமஸ் பவனியில் எங்கள் பிள்ளைகள் அடித்துக்கொண்டு வந்தார்கள். வாசல் வரைக்கும் அனுமதி. உள்ளே பாடகர் குழு, கீபோர்டு, டிரம் செட்.

டிரம் செட்டும் தோல்தானே என்றேன். "அது பிளாஸ்டிக்கும்மா" என்றார் கமிட்டிக்காரர்.